மூன்று தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்: ராக், பாப் கேள்வி பதில்

காதைத் திடுக்கிட வைக்கும் ராக், பாப் ஆல்பங்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்ததில் பாதி, ‘எதைக் கேட்கலாம்?’ என்ற ஒரே கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

பிங்க் ஃப்ளாய்ட், ரேடியோஹெட், பீட்டில்ஸ் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ‘இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை’ என்று சொல்லவைக்கிற ஆல்பம் வேண்டும். யாரைக் கேட்டாலும் அதே பத்துப் பெயரைத்தான் நீட்டுகிறார்கள்.
— பொறியியல் மாணவர், கோவை

அதே பத்து வருவதற்கு உங்கள் கேள்வியும் ஒரு காரணம். ‘வித்தியாசமா ஏதாவது சொல்லுங்க’ என்றால் சொல்பவருக்குப் பிடி கிடைக்காது. மனப்பாடமான பட்டியலை ஒப்பித்துவிடுவார். மூன்று விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பாட்டின் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்? எந்த ஆல்பத்தைப் பாதியில் நிறுத்தினீர்கள்? எதைச் சகிக்கவே முடியாது: அலறலா, மெஷின் தாளமா, கால் மணி நேர கிடார் தனியா? மூன்றில் இரண்டாவதுதான் பரிந்துரைப்பவருக்கு மிகவும் உதவும். நீங்கள் நிறுத்திய இடம்தான் உங்கள் காதின் எல்லை. அடுத்த ஆல்பம் அதற்கு ஓரடி தள்ளி இருக்கவேண்டும், ஊரே தாண்டி இருக்கக்கூடாது.

பிங்க் ஃப்ளாய்டிலிருந்து வருகிறவருக்கு அந்த ஓரடி, ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் ‘கேன்’ குழு 1971இல் வெளியிட்ட ‘டாகோ மாகோ’. இரட்டை எல்.பி. (இரண்டு பெரிய இசைத்தட்டு), ஏழே பாட்டு. பேஸ் கிடார் வாசித்த ஹோல்கர் சூகாயும் கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட்டும் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர்கள். டிரம்மர் யாக்கி லீபட்சைட் கட்டுப்பாடில்லாத ‘ஃப்ரீ ஜாஸ்’ வாசித்துச் சலித்து, ஒரே தாளத்தை விடாமல் பிடிப்பதே பெரிய வித்தை என்று வந்தவர். பாடகர் டாமோ சுசுகி 1970இல் மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்தவர். பார்த்த அன்று இரவே மேடையேற்றிவிட்டார்கள். நோர்வெனிக் என்ற பழைய கோட்டைக்குள் மணிக்கணக்காக வாசித்ததை டேப்பில் பிடித்து, சூகாய் வெட்டி ஒட்டி ஆல்பமாக்கினார்.

இதில் பலர் செய்யும் தவறு, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்பது. ஐந்தாவதில் மாட்டிக்கொண்டு கைவிட்டுவிடுவார்கள். நான்காவதான ‘ஹல்லெலுவா’வில் தொடங்குங்கள். பதினெட்டரை நிமிடம், எல்.பி.யில் ஒரு முழுப் பக்கம். முதல் தடவை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். லீபட்சைட் ஒரு சுற்றைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட கடைசிவரை விடமாட்டார். அதன் மேல் கிடார் வரும், போகும். குரல் முணுமுணுக்கும், கத்தும். டேப் வெட்டிய இடங்களில் காட்சி சட்டென மாறும். காலடித் தரை மட்டும் அப்படியே இருக்கும். இரண்டாவது தடவை பேஸ். சூகாய் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாவது தடவை குரல். அதற்குப் பிறகு முதல் மூன்று பாட்டுக்குப் போகலாம். மூன்றாவதான ‘ஓ யா’வில் தொடக்கத்துக் குரல் புரியவில்லையே என்று தவிக்காதீர்கள், டேப்பைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள்.

ஐந்தாவது ‘ஆம்ன்’, ஆறாவது ‘பீக்கிங் ஓ’ இரண்டையும் அடுத்த வாரத்துக்கு வையுங்கள். ‘ஆம்ன்’ பதினேழு நிமிடத்துக்கு மேல் போகும். தொடர்ந்து பிடித்துக்கொள்ளத் தாளம் கிடையாது, ‘ஓம்’ போன்ற ஓர் உச்சரிப்பு இழுபட்டுக்கொண்டே போகும். ‘ஹல்லெலுவா’ பழகிய காது இதில் தாக்குப்பிடிக்கும், பழகாத காது ஓடிவிடும். ஏழாவது, காபியோ டீயோ கொண்டுவரச் சொல்லும் ஒரு தளர்ந்த பாட்டு. ஆல்பம் அங்கே முடிகிறது. நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் அதற்குப் பின் ஒட்டியிருக்கும் 1972 மேடைப் பதிவுகளைத் தனி நாளில் கேளுங்கள்.

பிடித்தால் அடுத்து ‘எகே பம்யாசி’ (1972). பெரும்பாலான பாட்டு குட்டை, மொத்தமே நாற்பது நிமிடம். பெயர் துருக்கிய மொழி: ஏஜியன் வெண்டைக்காய். அட்டையிலும் வெண்டைக்காய் டப்பாதான்.

ஜெர்மனியின் ‘நோய்!’ (Neu!, ‘புதிது’ என்று பொருள்) குழுவின் இரண்டாவது ஆல்பத்தை இறக்கினேன். பாதிக்கு மேல் பாட்டு தாறுமாறான வேகத்தில் ஓடுகிறது. பிரேசிலின் ‘ஓஸ் முதான்ச்சஸ்’ முதல் ஆல்பத்தில் முதல் பாட்டே நடுவில் நின்று போகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?
— வாசகர், திருநெல்வேலி

இரண்டும் நல்ல ஃபைல்தான். சந்தேகம் வந்தால் அதே நேரத்தில் நன்றாகத் தெரிந்த வேறொரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக ஓடினால் குற்றம் கருவியில் இல்லை.

‘நோய்! 2’ (1973) கதை வேடிக்கையானது. குழுவின் இருவரான மிகாயேல் ரோட்டரும் கிளவுஸ் டிங்கரும் முதல் பக்கத்தை முடித்தபோது ஸ்டூடியோவுக்கான பணம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் பக்கம் காலி. ஏற்கெனவே வெளியிட்டிருந்த ‘சூப்பர்’, ‘நோய்ஷ்னே’ என்ற இரு பாட்டு சிங்கிளை எடுத்து, ரெக்கார்டு பிளேயரில் நிமிடத்துக்கு 16 சுற்று வேகத்திலும் 78 சுற்று வேகத்திலும் ஓட்டிப் பதிந்தார்கள். பாட்டுப் பெயரிலேயே அந்த எண்கள் இருக்கும். வேகம் கூடினால் சுருதியும் ஏறும், குறைந்தால் இறங்கும். அதனால் ஒன்று கீச்சிடும், இன்னொன்று சேற்றில் நடக்கும். அந்தக் காலத்து ரசிகர்கள் ஏமாற்று வேலை என்று திட்டினார்கள். இன்று டீஜேக்கள் செய்யும் வேலை இதுதான். ஆனாலும் இந்தக் குழுவை இதில் தொடங்கவேண்டாம். முதல் ஆல்பத்தின் (1972) ‘ஹல்லோகல்லோ’ பத்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள். நேராக, முடிவில்லாமல் ஓடும் நாலுதாளம். நெடுஞ்சாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தது போல இருக்கும்.

முதான்ச்சஸ் விஷயம் வேறு. 1968இல் சாவோ பாவ்லோவிலிருந்து வந்த ஆல்பம். அந்த முதல் பாட்டின் பெயருக்கு ‘ரொட்டியும் சர்க்கஸும்’ என்று பொருள். சாப்பாட்டு அறையில் இருப்பவர்கள் பிறப்பதிலும் சாவதிலுமே மும்முரமாக இருக்கிறார்கள் என்று பாட்டு சொல்கிறது. வெளியே ராணுவ ஆட்சி. பாட்டு நடுவில் கரண்ட் போன ரெக்கார்டு பிளேயர் மாதிரி இழுத்துக்கொண்டே நிற்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். முடிவில் பாட்டே கலைந்து ஸ்பூன், தட்டுச் சத்தமும் சாப்பாட்டு மேஜைப் பேச்சும் மட்டும் கேட்கும். சர்க்கஸ் அறுந்துபோனாலும் சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாத்திய அமைப்பு ரொஜேரியோ துப்ராட். திரையிசையில் ஆர்க்கெஸ்ட்ராவை ரசிப்பவர்களுக்கு அவர் கைவண்ணம் உடனே பிடிபடும்.

இதே ரகத்தில் மூன்றாவது ஒன்று: மை ப்ளடி வாலன்டைனின் ‘லவ்லெஸ்’ (1991). ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று தோன்றும். கெவின் ஷீல்ட்ஸ், தந்திகளைத் தளர்த்தி இறுக்கும் கிடாரின் ட்ரெமலோ கம்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தந்திகளை மீட்டுவார். அதனால் சுரம் ஓரிடத்தில் நிற்காமல் அலையும். கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அலைவு புதிதல்ல, ஆனால் இங்கே ஒரு முழு சுவரே அலைகிறது. குரல் வேண்டுமென்றே அமுங்கிக் கிடக்கும். வரி கேட்கவில்லை என்று ட்ரெபிளைக் கூட்டாதீர்கள், கிடார் காதைக் கிழிக்கும்.

‘டாக் டாக்’ குழுவின் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ உலக அதிசயம் என்கிறார்கள். பஸ்ஸில் கேட்டேன். முதல் இரண்டு நிமிடம் எதுவும் கேட்கவில்லை, வால்யூமைக் கூட்டினேன், பிறகு திடீரென்று தூக்கிவாரிப்போட்டது.
— ஐ.டி. ஊழியர், சென்னை

பஸ்ஸில் கேட்டதுதான் தவறு. மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இந்த ஆல்பத்தில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ட்ரம்பெட் ஒன்று தூரத்தில் மூச்சுவிடுவதுதான் தொடக்கம். அதை இன்ஜின் சத்தம் விழுங்கிவிடும்.

இப்படிச் செய்யுங்கள். இரவு, ஃபேன் சத்தம் குறைந்த அறை, கம்பி ஹெட்போன். ஆப்பில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலக்கும் அமைப்பு) அணையுங்கள். முதல் மூன்று பாட்டும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே நீள இசை. கிராஸ்ஃபேட் இருந்தால் மூட்டுகளில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கெடும். வால்யூம் நார்மலைசேஷன் ‘லவுட்’ என்றிருந்தால் அதையும் அணையுங்கள். அந்த அமைப்பு மெல்லியதைத் தூக்கி உரத்ததை அமுக்கும், ஆல்பத்தின் உயிரே போய்விடும். அடுத்து மூன்றாவது பாட்டான ‘டிசையர்’ வெடிக்கும் இடத்துக்கு ஓட்டி, அங்கே காதுக்கு வலிக்காத அளவில் வால்யூமை வையுங்கள். பிறகு முதலுக்குப் போய்க் கேளுங்கள், வால்யூமைத் தொடவேண்டாம். ஆறு பாட்டு, நாற்பத்தொரு நிமிடம்.

1984இல் ‘இட்ஸ் மை லைஃப்’ என்று சின்தசைசர் பாப் பாடிய அதே குழு இது. நாலு ஆண்டு கழித்து, பாடகர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் லண்டன் வெசக்ஸ் ஸ்டூடியோவை இருட்டாக்கி, எண்ணெய் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் மாதக்கணக்காகப் பதிந்தார்கள். கலைஞர்களை ஒவ்வொருவராக வரவழைத்து மனம்போன போக்கில் வாசிக்கச் சொல்லி, பெரும்பகுதியைத் தூக்கியெறிந்துவிட்டு, ஒன்றிரண்டு விநாடிகளை வைத்துக்கொண்டார்கள். ஐந்தாவது பாட்டில் வரும் கோரஸ் செம்ஸ்ஃபோர்டு தேவாலயப் பாடகர்கள். இது பிடித்தால் ‘லாஃபிங் ஸ்டாக்’ (1991) இன்னும் ஒருபடி உள்ளே போகும். முதலில் அதைத் தொடாதீர்கள்.

கேப்டன் பீஃப்ஹார்ட்டின் ‘ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா’ நாலு பேர் நாலு திசையில் வாசிப்பது போல இருக்கிறது. இதைப் புகழ்கிறவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது ஐயா. நாலு திசைதான். ஆனால் தற்செயல் இல்லை. 1969இல் வந்த ஆல்பம். 28 உருப்படி, எண்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பீஃப்ஹார்ட்டுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. தெரியாத கையால் தட்டியதை டிரம்மர் ஜான் ஃப்ரெஞ்ச் சுரமெழுதி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்துக் கொடுத்தார். குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் புறநகரில் ஒரே வீட்டில் அடைந்துகிடந்து சுமார் எட்டு மாதம் சாதகம் செய்தார்கள். பிறகு தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஸாப்பா பதிவுக்கு அழைத்தபோது, சுமார் இருபது உருப்படிகளின் வாத்தியப் பகுதியைச் சுமார் ஆறு மணி நேரத்தில் வாசித்து முடித்தார்கள். எழுதிப் பழகாமல் இது நடக்காது. இவ்வளவு உழைத்த ஜான் ஃப்ரெஞ்சின் பெயரை முதல் பதிப்பின் அட்டையில் போடவே இல்லை என்பது தனி அநியாயம்.

குரல் தாளத்தோடு சேராமல் மிதப்பதற்கு மட்டும் வேறு காரணம். பீஃப்ஹார்ட் ஹெட்போன் போட மறுத்துவிட்டார். அடுத்த அறையிலிருந்து கண்ணாடி வழியாகக் கசிந்த சத்தத்தை வைத்தே பாடினார். நீங்கள் கேட்கும் அந்த இடைவெளி கண்ணாடியின் இடைவெளி.

நுழைகிற வழி: முதலில் ‘சேஃப் அஸ் மில்க்’ (1967). ப்ளூஸ் ராக் தெரிந்தவருக்குச் சிரமமே இருக்காது. அடுத்து ‘க்ளியர் ஸ்பாட்’ (1972). அப்புறம் ‘ட்ரௌட் மாஸ்க்’கில் ஒரு நாளைக்கு ஐந்து பாட்டு மட்டும், ‘மூன்லைட் ஆன் வெர்மான்ட்’, ‘எல்லா குரு’, ‘பச்சூக்கோ கடாவர்’ மூன்றும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு வாத்தியமும் தன் சுற்றைத் தன் நீளத்தில் வாசிக்கிறது. ஒரு கிடாரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால், மற்றவை எங்கே வந்து சேர்கின்றன என்பது பிடிபடும். மூன்று தடவைக்குப் பிறகும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இதைப் பிடித்தே ஆகவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மிருதங்கம் படிக்கிறேன். கணக்குப் போட்டுக் கேட்கிற மாதிரி ராக் ஆல்பம் உண்டா?
— கல்லூரி மாணவி, திருச்சி

நிறைய. எளிதானதில் தொடங்குவோம். பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’ (1973) சுற்றுக்கு ஏழு தட்டு. கையைத் தட்டிக்கொண்டே கேளுங்கள்: கிடார் தனி வரும்போது நாலுக்கு மாறி, பிறகு ஏழுக்குத் திரும்பும், மாறுகிற இடத்தில் கை தடுமாறும். மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘ட்யூபுலர் பெல்ஸ்’ (1973) தொடக்கப் பியானோ ஏழும் எட்டுமாக மாறி மாறி வரும், சேர்த்தால் பதினைந்து.

உங்களுக்கு உண்மையில் வேலை வைக்கிறது கிங் க்ரிம்சனின் ‘டிசிப்ளின்’ (1981). ‘ஃப்ரேம் பை ஃப்ரேம்’ பாட்டில் ராபர்ட் ஃப்ரிப்பும் ஏட்ரியன் பெலுவும் கிடாரில் ஒரே சொற்கட்டு போலத் தொடங்குவார்கள். ஒருவர் ஏழேழாகவே, அதாவது பதினாலாகவே போக, மற்றவர் ஒரு சுரத்தைக் கழித்துப் பதிமூன்றாக்குவார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் முந்திக்கொண்டே போகும். எட்டச் சென்றவர் திரும்ப வந்து ஒட்டும் இடத்தில் சமம் விழுந்த சுகம் கிடைக்கும். இரண்டு கிடாரும் சுத்தமான ஒலியில் இருப்பதால் எண்ண முடிகிறது.

கனமாக வேண்டுமானால் ஸ்வீடனின் மெஷுகாவின் ‘நத்திங்’ (2002). டிரம்மர் டோமாஸ் ஹாகே கையால் சிம்பலை நாலிலேயே அடித்துக்கொண்டு, கால் டிரம்மை கிடாரின் ஒற்றைப்படைச் சுற்றோடு விடுவார். எட்டு, பதினாறு ஆவர்த்தன முடிவில் மீதியை வெட்டிவிட்டு முதல் தட்டுக்கு வந்துவிடுவார்கள். உங்கள் வாத்தியார் கேட்டால் ‘கோர்வை வைத்து வராமல் இது என்ன குறுக்கு வழி?’ என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

நாலு சி.டி.யை ஒரே நேரத்தில் போட்டுக் கேட்கவேண்டிய ஆல்பம் இருக்கிறதாமே? வீட்டில் செய்து பார்க்க முடியுமா?
— வாசகர், சிங்கப்பூர்

முடியும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ‘ஃப்ளேமிங் லிப்ஸ்’ 1997இல் வெளியிட்ட ‘ஸைரீகா’. நாலு தட்டு, ஒவ்வொன்றிலும் அதே எட்டுப் பாட்டின் வேறு வேறு பகுதி. அதற்கு முந்தைய ஆண்டு கார் நிறுத்துமிடத்தில் பல கார்களுக்குக் கேசட் கொடுத்து ஒன்றாக ஓட்டிப் பார்த்த விளையாட்டிலிருந்து பிறந்தது.

தேவை: நாலு பிளேயர் (சி.டி., லேப்டாப், போன், எதுவானாலும்), நாலு ஸ்பீக்கர், நாலு ஆள். அறையின் நாலு மூலையில் வையுங்கள். முதலில் நான்கிலும் ஒரே சாதாரணப் பாட்டை ஓட்டி, எதிரொலி எவ்வளவு என்று பாருங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் இங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் நூறு, இருநூறு மில்லி விநாடி தாமதிக்கும், ஒன்றைப் போல் ஒன்று தாமதிக்காது. கம்பியில் இணையுங்கள். ஸ்ட்ரீமிங்கை நம்பாதீர்கள், பெரும்பாலும் ஒரே கணக்கில் நாலு கருவி சேர்ந்து ஓடாது. ஃபைலாகவே நாலு கருவியில் ஏற்றிக்கொள்ளுங்கள். எல்லாரும் முதல் பாட்டின் தொடக்கத்தில் நிறுத்திவைத்து, ஒருவர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்ல, ‘மூன்றில்’ அழுத்துங்கள்.

என்ன கெடும்? கருவிகளின் கடிகாரங்கள் நூலிழை அளவு வேறுபடும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்று வைத்தால், ஆறு நிமிடப் பாட்டின் முடிவில் 18 மில்லி விநாடி. ஒலி அந்த நேரத்தில் ஆறு மீட்டர் போகும். அதாவது ஒரு ஸ்பீக்கரைப் பக்கத்து அறைக்குத் தள்ளிவைத்த மாதிரி. இது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். விரல் தடுமாறி அழுத்துவதில் வரும் கால் விநாடிதான் பெரிய குற்றம். அதனால் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நிறுத்தி மறுபடி எண்ணித் தொடங்குங்கள். கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை, இரண்டு தடவை ஒரே மாதிரி ஒலிக்கக்கூடாது என்பதே இதன் அழகு.

ஆடியோ எடிட்டரில் நாலையும் ஒன்றாக அடுக்கி ஹெட்போனில் கேட்பவர்கள் உண்டு. பாட்டு தெரியும், அறை தெரியாது. ஓர் எச்சரிக்கை: ஒரு பாட்டில் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த ஒலிகள் வரும், தலை சுற்றலாம், வண்டி ஓட்டும்போது கேட்காதீர்கள் என்று ஆல்பமே எழுதியிருக்கிறது. கைக்குழந்தையும் நாயும் அந்த அறையில் வேண்டாம்.

பாப் ஆல்பத்தில் நம்ம ஊர் உறுமி வருகிறது என்று என் மகள் சொல்கிறாள். எது?
— வாசகி, டொராண்டோ

எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ (2007). லண்டனில் பிறந்து இலங்கையில் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம் தன் அம்மாவின் பெயரை வைத்த ஆல்பம். முந்தையது அப்பா பெயரில் ‘அருளர்’ (2005). அமெரிக்க விசா கிடைக்காமல் இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று அலைந்து பதிந்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் உறுமி. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருகிற அந்த முனகலைத் தேடிக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அது வராது, அடித்தொனி வரும் ஸ்பீக்கர் வேண்டும். முதல் பாட்டு ‘பேம்பூ பேங்கா’வில் இன்னொரு பழைய முகம் தெரியும்: இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’. மகளிடம் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள்.

வாத்தியமே இல்லாமல் குரலால் மட்டும் செய்த பாப் ஆல்பம்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பியோர்க்கின் ‘மெடுல்லா’ (2004). முழுக்க என்று சொல்லமுடியாது, அங்கங்கே பியானோவும் சின்தும் எட்டிப்பார்க்கும். கொன்னக்கோல் தெரிந்தவர்கள் ராசேல் வாயால் போடும் தாளத்தையும், கனடாவின் இனுயிட் பாடகி தான்யா டகாக்கின் தொண்டைப் பாட்டையும் விடாதீர்கள்.

நல்ல ஆல்பம் கிடைத்தால் நண்பர்களுக்கு அனுப்புகிறேன். அரை நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள்.
— வங்கி ஊழியர், சேலம்

ஆல்பத்தை அனுப்பாதீர்கள், ஒரு பாட்டை அனுப்புங்கள். கூடவே ஒரே ஒரு குறிப்பு: எதைக் கவனிக்கவேண்டும் என்று. ‘மேதை’, ‘வாழ்க்கையையே மாற்றும்’ என்றெல்லாம் எழுதினால் எதிராளி தேர்வு எழுதப்போகிற மனநிலையில் கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் கூடாது.

ஆளுக்கு ஏற்ற வாசல் இருக்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்பவருக்கு ராபர்ட் வயட்டின் ‘ராக் பாட்டம்’ (1974). முதல் பாட்டு ‘ஸீ ஸாங்’ முடிவில் வார்த்தை தீர்ந்து வெறும் குரல் அலைந்து திரியும், ஆலாபனை பழகியவர் அங்கே நிற்பார். காட்சியோடு பாட்டை ரசிப்பவருக்குக் கேட் புஷ்ஷின் ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ (1985) இரண்டாம் பக்கம்: இரவில் கடலில் தனியாக மிதக்கும் ஒருத்தியின் கதை, ஏழு பாட்டாக. ஷஃபிளில் போட்டால் அவள் மூழ்குவதும் மீள்வதும் இடம் மாறிவிடும். ஒரே மனநிலையில் நீண்ட நேரம் இருக்க விரும்புகிறவருக்கு ஜப்பானின் ஃபிஷ்மன்ஸ் செய்த ‘லாங் சீசன்’ (1996). ஒரே பாட்டு, முப்பத்தைந்து நிமிடம். நடுவில் பாட்டு கரைந்து தாள வாத்தியங்கள் மட்டும் நிற்கும், அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். அதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பாடகர் ஸ்காட் வாக்கர் ஆல்பத்தில் இறைச்சியைக் குத்திச் சத்தம் எடுத்தார்களாமே, விளம்பரத்துக்குத்தானே?
— வாசகர், ஈரோடு

குத்தியது உண்மை, விளம்பரத்துக்கு அல்ல. ‘தி டிரிஃப்ட்’ (2006) ஆல்பத்தில் ‘க்ளாரா’ என்ற பாட்டு, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். 1945இல் முசோலினியையும் காதலி கிளாரா பெட்டாச்சியையும் சுட்டுக்கொன்று, உடல்களை மிலான் சதுக்கத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். கூட்டம் அடித்துச் சிதைத்தது. தாளவாத்தியக்காரர் ஒரு பெரிய பன்றி இறைச்சித் துண்டை முஷ்டியால் குத்தும் சத்தம் அந்தக் கூட்டத்தின் கை. டிரம்மில் அடித்திருந்தால் அது தாளமாகக் கேட்டிருக்கும். சதையில் அடித்ததால் ஈரமாக, மந்தமாக, அதிர்வே இல்லாமல் விழுகிறது. இந்த ஆல்பத்தில் நுழைய ‘ஸ்காட் 4’ (1969) தேவை. அதே குரல் அங்கே வயலின்கள் நடுவே பாடும். இரண்டையும் ஒரே நாளில் கேட்கவேண்டாம். ‘க்ளாரா’வைச் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டாம்.